ஜெர்மனியில் உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கிப் படித்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே,

பாளையங்கோட்டை, தென்காசிப் பிள்ளைகள் சிலர் அக்டோபர் 1 தொடங்கும் குளிர்கால செமஸ்டருக்கு ஜெர்மனி போகிறார்கள். விடுதி இல்லை, அங்குள்ள குடும்பங்களோடுதான் தங்கல்.

விசாவும், அதற்காகச் செலவுக்கென்று மாதம் 992 யூரோ வீதம் வங்கியில் முடக்கிவைக்கும் பணமும் முடிந்துவிட்டன. சிக்கல் அதற்கப்புறம்தான். குடியேறிய 2 வாரத்துக்குள் அங்குள்ள அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ‘வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்’ (இவர் என் வீட்டில் தங்குகிறார் என்னும் உறுதிச் சான்று) தாள் கட்டாயம், வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. வாடகை வாங்காத குடும்பமும் இதைத் தரத்தான் வேண்டும். விருந்தாளிக்கு எதற்கு இந்தத் தாள் என்று அவர்கள் தயங்கினால் பிள்ளைக்கு வங்கிக் கணக்கு தொடங்குவது முதல் எல்லாமே தள்ளிப்போகும். இங்கிருந்தே பக்குவமாகக் கேட்டு எழுத ஒரு ஜெர்மன் கடித மாதிரி வேண்டும். இதுதான் அவசரம்.

அடுத்தது சாப்பாடு. நெய், பால்கோவா, பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோக அனுமதியில்லை. பருப்புப் பொடியும் வத்தலும் போதும். மிக்ஸிக்கு மின்னழுத்தம் சரி, நம்ம மூணு முள் பிளக்தான் அங்கே நுழையாது, அடாப்டர் வேண்டும். இரவு 10 மணிக்கு மேலும் ஞாயிறும் அரைக்கக் கூடாது.

அந்த வீட்டாருக்கு ஒருநாள் சொதி (நம்ம ஊர் தேங்காய்ப்பால் குழம்பு) வைத்துக் கொடுக்கப் பிள்ளைகளுக்கு ஆசை. டப்பா தேங்காய்ப்பாலில் மேலே திரண்ட கட்டியை எடுத்துவைத்து, அடியில் இருக்கும் பாலில் தண்ணீர் கலந்து காயை வேகவிட்டு, கட்டியைக் கடைசியில் சேர்த்தால் திரியாது. 400 மில்லி டப்பாவுக்குப் பாசிப்பருப்பு, இஞ்சி, எலுமிச்சை அளவு சொல்லுங்க அக்கா.