முகத்தில் சிவப்பு நரம்பு தெரிகிறதா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

மாட்டுங்காவாசி:
பெண் பார்க்க வருகிறார்கள் என்று என் நாத்தனார் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய கிரீம்தான் காரணம். எது என்று உங்களுக்கே தெரியும். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு, மூன்றும் கலந்தது. முதலில் முகம் பளிச்சென்று ஆனது. பிறகு நிறுத்தினால் எரிச்சல், பூசினால் அடங்கும். தோல் மருத்துவர் அவள் கன்னத்தில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து அழுத்தினார். சிவப்பு அப்படியே மறைந்தது. எடுத்ததும் நூல் நூலாகத் திரும்பி வந்தது. ஸ்டீராய்டால் தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் விரிந்துவிட்டனவாம். 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018இலேயே மத்திய அரசு அட்டவணை எச்-இல் சேர்த்துவிட்டது. கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தவரை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

செம்பூர் அண்ணாச்சி:
எல்லாப் பழியையும் கிரீம் மேல் போடாதீர்கள் அம்மா. என் தம்பிக்கு மார்பில் சிலந்தி போலச் சிவப்பு. நடுப்புள்ளியை அழுத்தினால் சிலந்திக் கால் போன்ற கோடுகள் எல்லாம் வெளுக்கும். விட்டால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இரத்தம் பாயும். ஒன்றிரண்டு இருந்தால் பயமில்லை, கர்ப்பிணிகளுக்கும் வரும். அவனுக்கோ மார்பு முழுக்க. மருத்துவர் கண்ணைக் கீழிமை இழுத்துப் பார்த்துவிட்டு, நேராகக் கல்லீரல் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

தாராவி செல்வி:
அண்ணாச்சி, அக்கா தன் வீட்டில் நடந்ததைத்தானே சொன்னார்? எல்லாவற்றுக்கும் கிரீம்தான் காரணம் என்று எங்கே சொன்னார்? எனக்கு ரோசேசியா, முகம் அடிக்கடி சிவக்கும் தோல் நோய். நம் நிறத்தில் சிவப்பு எடுப்பாகத் தெரியாது, அதனால் வெகுகாலம் முகப்பரு என்றே மருந்து கொடுத்தார்கள். லோக்கல் ரயில் கூட்டத்தில் முகம் கொதிக்கும்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஸ்டீராய்டு கிரீமை நீண்ட நாள் பூசியிருந்தால் மருத்துவரிடம் கேட்டு நிறுத்துங்கள். திடீரென விட்டால் முகம் பற்றி எரியும். மேக மூட்டத்திலும் வெயில் காப்புக் கிரீம் போடுங்கள். சிவப்பு நரம்பைப் போக்க லேசர் என்றால் எந்த அலைநீளம் என்று கேளுங்கள். 1064 நானோமீட்டர் ஒளி தோலின் நிறமியான மெலனினால் குறைவாகவே உறிஞ்சப்படும், கறுத்த தோலில் கருந்தழும்பு விழும் அபாயம் குறைவு. முதலில் ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சலோடு சிவப்புப் புள்ளிகள் வந்து, கண்ணாடி தம்ளரால் அழுத்தியும் மறையாவிட்டால் அது தோலுக்கடியில் கசிந்த இரத்தம். மழைக்காலத்தில் டெங்குவாகவும் இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

மாட்டுங்காவாசி:
செல்வி, லேசர் இப்போது வேண்டாம், தோல் முதலில் தேறட்டும் என்கிறார் மருத்துவர். அந்தக் கடையில் அதே கிரீம் இன்னும் சீட்டில்லாமல் கிடைக்கிறது. மாநில உணவு மருந்து நிர்வாகத்திடம் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏற்கெனவே கொடுத்தவர்கள் யாராவது இருந்தால், ரசீது இல்லாமல் ஏற்பார்களா என்று சொல்லுங்கள்.