மத்திய ஆசியா: ரஷ்யாவும் சீனாவும் கூட்டாளிகளா, போட்டியாளர்களா?

வெண்ணாற்றங்கரை கேட்டது:

வணக்கம் நண்பர்களே. 2022 செப்டம்பரில் கிர்கிஸ்தானும் தஜிகிஸ்தானும் மோதிக்கொண்டதைப் பற்றிப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி மண்டையைக் குடைகிறது. இரண்டுமே ரஷ்யா தலைமையிலான சி.எஸ்.டி.ஓ., அதாவது கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்த அமைப்பில் உறுப்பினர்கள். ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பிலும் இரண்டும் இருக்கின்றன. தஜிகிஸ்தானில் ரஷ்யாவின் 201-வது படைத்தளம், கிர்கிஸ்தானில் காந்த் விமானத்தளம். இவ்வளவும் இருந்தும் கிர்கிஸ்தானின் பத்கென் பகுதியில் டாங்கிகளும் ராக்கெட்டுகளும் வந்து, சுமார் நூறு பேர் இறந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊரைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அதே நாட்களில் இரண்டு அதிபர்களும் சமர்கந்தில் ஷாங்காய் அமைப்பின் உச்சி மாநாட்டில் இருந்தார்கள், புதினும் ஷி ஜின்பிங்கும் அங்கேதான் இருந்தார்கள்.

இரண்டு வல்லரசுகள் கூட இருந்தும் இரண்டு சின்ன நாடுகளின் சண்டையைத் தடுக்க முடியவில்லை என்றால் இந்த அமைப்புகள் எதற்கு? ரஷ்யாவும் சீனாவும் இங்கே உண்மையில் கைகோத்து நிற்கின்றனவா, அல்லது ஒன்றை ஒன்று கண்காணிக்கத்தான் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கின்றனவா?

---

நெடுவழி பதில்:

நல்ல கேள்வி. முதலில் இரண்டு அமைப்புகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும், செய்திகளில் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள்.

சி.எஸ்.டி.ஓ. ராணுவக் கூட்டணி. 1992-ல் தாஷ்கண்டில் கையெழுத்தான ஒப்பந்தம் 2002-ல் அமைப்பானது. அதன் 4-வது பிரிவு, ஓர் உறுப்பு நாட்டின் மீதான ஆக்கிரமிப்பை எல்லோர் மீதுமான ஆக்கிரமிப்பாகக் கருதச் சொல்கிறது. ஷாங்காய் அமைப்பில் அப்படி ஒரு கடமையே கிடையாது. 1996-ல் சீனா, ரஷ்யா, கஜகஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான் ஆகிய ஐந்தும் எல்லைப் படைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்ததுதான் 2001-ல் உஸ்பெகிஸ்தானையும் சேர்த்துக்கொண்டு அமைப்பாக மாறியது. எல்லாம் ஒருமித்த முடிவுதான், ஒருவர் தலையாட்டாவிட்டால் எதுவும் நகராது.

இப்போது 4-வது பிரிவு நடைமுறையில் என்ன ஆனது என்று பாருங்கள். 2022 ஜனவரியில் கஜகஸ்தானில் எரிவாயு விலை உயர்வுக்கு எதிராகத் தொடங்கிய போராட்டம் கலவரமாக வெடித்தது. அதிபர் தோக்காயேவ், வெளிநாட்டில் பயிற்சி பெற்ற பயங்கரவாதிகள் வந்துவிட்டார்கள் என்று சொல்லி உதவி கேட்டார், உடனடியாகச் சுமார் 2,500 வீரர்கள் வந்து இறங்கினார்கள். அந்த அமைப்பு தன் வரலாற்றிலேயே முதல்முறையாகப் படை அனுப்பியது அப்போதுதான். ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் அஜர்பைஜான் ஆர்மீனியாவின் சொந்த மண்ணிலேயே, ஜெர்முக் வரைக்கும் குண்டு வீசியபோது ஆர்மீனியா அதே 4-வது பிரிவைக் காட்டித்தான் உதவி கேட்டது. போனது நிலவரத்தை ஆராய ஒரு குழு மட்டும். நவம்பரில் யெரெவானில் நடந்த சி.எஸ்.டி.ஓ. மாநாட்டில் ஆர்மீனியப் பிரதமர் பஷினியான் தீர்மானத்தில் கையெழுத்துப் போட மறுத்தார், 2024-ல் பங்கேற்பை முடக்கிவிட்டோம் என்றே அறிவித்துவிட்டார்கள்.

நான் இதைப் பார்ப்பது இப்படித்தான்: இந்த ஏற்பாடுகள் காப்பது நாற்காலியில் இருப்பவரை, எல்லையில் இருக்கும் கிராமத்தை அல்ல. கஜகஸ்தானில் ஆட்சி ஆடியது, படை வந்தது. பத்கெனிலும் ஜெர்முக்கிலும் மக்கள் செத்தார்கள், அறிக்கை வந்தது. இந்த விஷயத்தில் மாஸ்கோவுக்கும் பெய்ஜிங்குக்கும் கருத்து வேறுபாடே இல்லை. கஜகஸ்தானுக்குப் படை போனதைச் சீனா வெளிப்படையாகவே ஆதரித்தது.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு, மூன்றாவது ஆளை உள்ளே விடாமல் இருப்பது. 2005-ல் ஷாங்காய் அமைப்பின் அஸ்தானா மாநாட்டில் அமெரிக்கத் தளங்கள் எப்போது காலியாகும் என்று தேதி கேட்டார்கள். உஸ்பெக் நகரமான ஆண்டிஜானில் அரசுப் படைகள் போராட்டக்காரர்களைச் சுட்ட பிறகு அமெரிக்காவுடனான உறவு கெட்டுப்போனதில், அந்த ஆண்டே உஸ்பெகிஸ்தானின் கார்ஷி-கானாபாத் தளத்தை அமெரிக்கா காலி செய்தது. கிர்கிஸ்தானின் மனாஸ் தளம் 2014-ல் மூடப்பட்டது. பாதுகாப்பு ரஷ்யாவின் பொறுப்பு, பணம் சீனாவின் பொறுப்பு, அமெரிக்கா வெளியே. ஏற்பாடு அவ்வளவுதான்.

---

கல்மண்டபம் பதில்:

நெடுவழி அண்ணே, முதல் பாதியில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் அந்தக் கடைசி வரி பழைய கணக்கு, அதை நம்பித்தான் பலரும் போட்டியே இல்லை என்று முடிவு கட்டுகிறார்கள்.

பாதுகாப்பிலேயே சீனா எப்போதோ உள்ளே வந்துவிட்டது. 2016-ல் உரும்ச்சியில் சீனா, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், தஜிகிஸ்தான் நான்கும் சேர்ந்து பயங்கரவாத எதிர்ப்புக்கு ஒரு கூட்டு ஏற்பாடு செய்துகொண்டன. அதில் ரஷ்யா இல்லை! தஜிகிஸ்தானில், பாமீர் மலையில் முர்காப் பக்கம் சீனப் படையினர் தங்கியிருக்கும் முகாம் ஒன்று இருப்பதாக 2019-ல் செய்தி வந்தது, பெய்ஜிங் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 2021-ல் ஆப்கன் எல்லைக்கு அருகே இஷ்காஷிம் மாவட்டத்தில் சீனச் செலவில் போலீஸ் தளம் கட்ட தஜிக் நாடாளுமன்றமே ஒப்புதல் தந்தது. அந்த எல்லையை 2005 வரை காவல் காத்தவர்கள் ரஷ்ய வீரர்கள்.

பணத்திலும் ரஷ்யா சும்மா விட்டுக்கொடுத்துவிடவில்லை. ஷாங்காய் அமைப்புக்கு ஒரு வளர்ச்சி வங்கி வேண்டும் என்று சீனா பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தது, சீனப் பணம் நேரடியாக இறங்கினால் தன் பிடி போய்விடும் என்று ரஷ்யா இழுத்தடித்தது. 2025-ல் தியான்ஜின் மாநாட்டில்தான் அந்த வங்கிக்கு வழி பிறந்தது, அதற்குள் உக்ரைன் போர் ரஷ்யாவின் கையைக் கட்டிவிட்டது. சீனா-கிர்கிஸ்தான்-உஸ்பெகிஸ்தான் ரயில் பாதையும் அப்படித்தான். 1990-களிலிருந்து பேச்சாகவே இருந்தது, ஒப்பந்தம் கையெழுத்தானது 2024-ல். தண்டவாள அகலத்திலேயே அரசியல் இருக்கிறது: சீனாவில் 1435 மி.மீ., பழைய சோவியத் நாடுகளில் 1520 மி.மீ. எந்த இடத்தில் பெட்டியிலிருந்து பெட்டிக்குச் சரக்கை மாற்றுவது என்பதை வைத்துத்தான் எந்த ஊர் வளரும், யார் வசூலிப்பார்கள் என்பதெல்லாம் முடிவாகிறது. இவர்கள் சத்தம் போட்டுச் சண்டை போடுவதில்லை, அதனால் போட்டி நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் 2008. ஜார்ஜியப் போர் முடிந்த கையோடு ஷாங்காய் அமைப்பின் துஷான்பே மாநாட்டுக்கு ரஷ்யா ஆதரவு தேடி வந்தது. ஜார்ஜியாவிலிருந்து பிரிந்த அப்காசியாவையும் தெற்கு ஒசேத்தியாவையும் தனி நாடுகளாக அங்கீகரிக்க ஷாங்காய் அமைப்பில் வேறு ஒருவரும் முன்வரவில்லை. திபெத்தும் தைவானும் மனதில் இருக்கும் சீனா, பிரிந்துபோகும் பகுதிகளை எப்படி அங்கீகரிக்கும்?

---

தெற்குவாசல் பதில்:

இந்தியாவை மறந்துவிட்டீர்களே. 2017-ல் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே நாளில் ஷாங்காய் அமைப்புக்குள் வந்தன. இந்தியாவைக் கொண்டுவர ரஷ்யா பாடுபட்டது, சீனாவின் எடையைக் கொஞ்சமாவது சமன் செய்யத்தான். பாகிஸ்தானுக்குச் சீனா துணை நின்றது. விளைவு, 2025 ஜூனில் சிங்தாவோவில் நடந்த பாதுகாப்பு அமைச்சர்கள் கூட்டத்தில் பஹல்காம் தாக்குதலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாத கூட்டறிக்கையில் ராஜ்நாத் சிங் கையெழுத்துப் போடவில்லை, அறிக்கையே வரவில்லை. இரண்டு மாதம் கழித்து தியான்ஜின் பிரகடனத்தில் பஹல்காம் பெயர் சொல்லிக் கண்டிக்கப்பட்டது. கையெழுத்துப் போடாமல் இருப்பதற்கும் ஒரு பலம் உண்டு, அதற்காகவாவது உள்ளே இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

---

வெண்ணாற்றங்கரை பதில்:

அருமையான விளக்கங்கள், எல்லோருக்கும் நன்றி. அப்படியென்றால் நடுவில் இருக்கும் ஐந்து நாடுகளும் இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளம்தானா? அவர்களுக்கு இதில் என்ன லாபம்?

---

கல்மண்டபம் பதில்:

மத்தளம் இல்லை நண்பரே, அங்கேதான் எல்லோரும் அவர்களைக் குறைத்து எடை போடுகிறார்கள். 2022 ஜனவரியில் ரஷ்யப் படையால் பதவி தப்பிய அதே தோக்காயேவ், ஜூனில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மேடையில் புதின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே உக்ரைனின் டொனெட்ஸ்க், லுஹான்ஸ்க் பகுதிகளைத் தனி நாடுகளாக நாங்கள் அங்கீகரிக்க மாட்டோம் என்றார். செப்டம்பரில் ஷி ஜின்பிங், கொரோனாவுக்குப் பிறகான முதல் வெளிநாட்டுப் பயணமாகக் கஜகஸ்தானுக்கு வந்து, அந்நாட்டின் இறையாண்மைக்கும் எல்லை ஒருமைப்பாட்டுக்கும் உறுதியாகத் துணை நிற்போம் என்று சொன்னார். அது யார் காதில் விழச் சொன்னது என்று விளக்க வேண்டியதில்லை. அக்டோபரில் கிர்கிஸ்தான் தன் மண்ணில் நடக்க இருந்த சி.எஸ்.டி.ஓ. பயிற்சியையே ரத்து செய்தது. தஜிக் அதிபர் ரஹ்மான் புதின் முகத்துக்கு நேராக, எங்களுக்கு மரியாதை வேண்டும் என்று கேட்டார். ஒருவர் இருப்பதால் மற்றவரிடம் பேரம் பேச முடிகிறது. ஒருவர் மட்டும் இருந்த காலத்தில் இது நடந்திருக்காது.

---

நெடுவழி பதில்:

ஒத்துக்கொள்கிறேன் தம்பி, முர்காப், இஷ்காஷிம் விவரங்கள் என் கணக்கில் நான் சேர்க்காதவை. ஆனால் பேரத்தில் கிடைப்பது அதிபர்களுக்குத்தான் கிடைக்கிறது, அதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன்.

கேட்டவர் பத்கெனில் ஆரம்பித்தார், அங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 2022-க்கு முந்தைய ஆண்டு, 2021 ஏப்ரலில் நடந்த மோதல் எதில் தொடங்கியது தெரியுமா? இஸ்பாரா ஆற்றில் தண்ணீரைப் பிரித்துவிடும் கொலோவ்னோய் என்ற மதகு நிலையம். அங்கே ஒரு மின்கம்பத்தில் தஜிக் தரப்பு கண்காணிப்புக் கேமரா பொருத்தப்போனது, கிர்கிஸ் ஊர்க்காரர்கள் தடுத்தார்கள், கல்வீச்சு துப்பாக்கிச் சூடாகி ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மதகு யாருக்கு, மேய்ச்சல் நிலம் யாருக்கு, கிர்கிஸ் மண்ணால் சூழப்பட்ட தஜிக் பகுதியான வோருக்குக்குப் போகும் சாலை யாருக்கு என்பதுதான் பிரச்சினை. சோவியத் காலத்து வரைபடங்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்க, இரு தரப்பும் தமக்குச் சாதகமானதைக் கையில் வைத்திருந்தன. இதற்கு ராணுவக் கூட்டணி என்ன செய்யும்?

கடைசியில் தீர்ந்தது எப்படி என்றால், இரண்டு நாட்டுக் குழுக்களும் கிலோமீட்டர் கிலோமீட்டராக உட்கார்ந்து பேசி, நிலத்துக்கு நிலம் மாற்றிக்கொண்டு, 2025 மார்ச் 13 அன்று பிஷ்கெக்கில் கிர்கிஸ் அதிபர் ஜபரோவும் ரஹ்மானும் கையெழுத்துப் போட்டார்கள். அதே மாதக் கடைசியில் உஸ்பெகிஸ்தானும் சேர்ந்து குஜந்தில் மூன்று எல்லைகளும் சந்திக்கும் இடத்தை முடிவு செய்தார்கள். மாஸ்கோவோ பெய்ஜிங்கோ நடுவில் உட்கார்ந்து முடித்துவைத்த பேச்சு அல்ல அது.