ஸ்லைடு செமினார்: ஹிஸ்டரி முன்னாலா, பின்னாலா?

ஹெமடாக்சிலின்: பேத்தாலஜி பிஜிக்களுக்கு (முதுகலை மாணவர்களுக்கு) ஹிஸ்டரி, அதாவது நோயாளியின் வயது, நோய் விவரம், இல்லாமல் ஸ்லைடு செமினார் (திசு ஸ்லைடைப் பார்த்து நோயைச் சொல்லும் பயிற்சி) நடத்துவது கண்ணைக் கட்டிக் காட்டில் விடுவதற்குச் சமம் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 'வயது 28, முழங்கால் அருகே எபிஃபைசிஸ் வரை லைட்டிக் லீஷன்' என்று, அதாவது எலும்பு நுனி வரை அரிப்பு என்று, சீட்டு எழுதிக் கொடுத்தால், ஸ்லைடை ஸ்டேஜில் வைக்காமலே ஜெயன்ட் செல் ட்யூமர் என்ற எலும்புக் கட்டி என்பான். மைக்ரோஸ்கோப் எதற்கு? ஸ்கேனரில் (மிகக் குறைந்த பவர் லென்ஸில்) துண்டு முழுவதையும் ஓட்டிப் பார்க்கட்டும், அப்புறம் லோ பவர், ஹை பவர். ஒரு டயக்னோசிஸ், இரண்டு டிஃபரன்ஷியல் (இதுவாகவும் இருக்கலாம் என்ற மாற்று நோய்) எழுதிக் கொடுக்கட்டும். ஹிஸ்டரி அதற்குப் பின்னால்.

பாரஃபின்: எழுதியது நான்தான். அந்த ஜெயன்ட் செல் ஸ்லைடையே எடுப்போம். ஹைப்பர்பாராதைராய்டிசத்தில் (பாராதைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரப்பதில்) வரும் பிரவுன் ட்யூமரும் எச் அண்ட் ஈ என்ற வழக்கமான சாயத்தில் அப்படியேதான் தெரியும். எக்ஸ்ரே, கால்சியம், பிடிஎச் (அந்தச் சுரப்பியின் ஹார்மோன்) இல்லாமல் எப்படிப் பிரிப்பீர்கள்? கர்ப்பம் என்று சொல்லாமல், அப்போது கருப்பை உட்சவ்வில் வரும் அரியாஸ் ஸ்டெல்லா மாற்றத்தைக் கொடுத்தால் கிளியர் செல் கார்சினோமா என்ற புற்றுநோய் என்று எழுதுவான். மூன்றே வாரத்தில் வளர்ந்த கட்டி என்று சொல்லாவிட்டால், மைட்டோசிஸை, அதாவது செல் பிரிவதைப் பார்த்து, தீங்கில்லாத நாடுலர் ஃபேஷியைடிஸைப் புற்றுநோயான சார்கோமா ஆக்கிவிடுவான்.

ஹெமடாக்சிலின்: ஹிஸ்டரியே வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? பின்னால் என்றேன். பிரவுன் ட்யூமரை டிஃபரன்ஷியலில் எழுதியவனுக்குத்தான் கால்சியம் எவ்வளவு என்று கேட்கத் தோன்றும். கேட்டால் கொடுங்கள். கேட்கப் பழகாதவன், எல்எம்பி (கடைசி மாதவிடாய்த் தேதி) எழுதாத எண்டோமெட்ரியம் (கருப்பை உட்சவ்வு) வந்தால் அப்படியே ரிப்போர்ட் அடித்து அனுப்பிவிடுவான்.

கிராஸ்ரூம்: இரண்டு பேரும் கண்ணாடித் துண்டோடு மல்லுக்கு நிற்கிறீர்கள். அறுவையில் எடுத்த ஸ்பெசிமனைக் கையில் எடுத்துக் கற்றுத்தரும் கிராஸ் கான்ஃபரன்ஸ் எத்தனை இடத்தில் ஒழுங்காக நடக்கிறது? மாஸ்டெக்டமியில் எடுத்த மார்பகம் வெட்டாமலே வாளியில் கிடக்கும். நடுவில் பதப்படுத்தும் ஃபார்மலின் ஏறாது, செல் கரையும், ஈஆர் (ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர்) சோதனை பொய்யாக நெகட்டிவ் வரும். மார்ஜினில் (வெட்டு விளிம்பில்) மை பூசி, ஒரு மணி நேரத்துக்குள் 5 முதல் 10 மி.மீ. கனத்தில் அறுத்து, இடையில் பேப்பர் டவல் செருகி, 10 சதவீத பஃபர்டு ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம் வைக்கவேண்டும். இதை யார் காட்டிக்கொடுப்பது?

ஹெமடாக்சிலின்: அதற்குத் தனி இழை தொடங்குங்கள். ஃப்ரோசன் (திசுவை உறையவைத்துச் சீவி உடனே பார்க்கும் முறை) விவாதத்தையும் இப்படித்தான் வாளிக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள்.

கிராஸ்ரூம்: கொழுப்புத் திசு மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் சரியாக உறையாது, சுருண்டு கிழியும் என்று அங்கே சொன்னேன். அதற்கு இன்னும் உங்கள் பதில் வரவில்லை.

ஈயோசின்: ஹிஸ்டரி இருக்கட்டும் சார், ஒரே செட்டை எல்லோரும் பார்ப்பதுதான் பிரச்சினை. சீனியர் எழுதியதை ஜூனியர் காப்பியடிப்பான். பெரிய பிளாக் (மெழுகில் பதித்த திசு) என்றால் ரீகட் எடுத்து, அதாவது மறுபடி சீவி, மூன்று செட் போடலாம். சின்ன பயாப்ஸியில் ரீகட் எடுத்தால் பிளாக்கே தீர்ந்துவிடும், அந்த ஸ்லைடை டிஜிட்டலாக ஸ்கேன் செய்துதான் காட்டவேண்டும்.

ஹெமடாக்சிலின்: அதோடு, கன்சல்டன்ட் மார்க்கரில் வைத்த புள்ளியை ஸ்பிரிட் போட்டுத் துடைக்க மறந்துவிடுகிறார்கள். பிஜி நேரே புள்ளிக்குப் போய் நிற்பான், மீதித் துண்டைப் பார்க்கவே மாட்டான். லேபிளில் பயாப்ஸி எண் தெரிந்தால் ரெஜிஸ்டரைப் புரட்டுவான், ஸ்டிக்கர் ஒட்டி மறைக்கவேண்டும். இத்தனையும் செய்துவிட்டுப் பக்கத்திலேயே ஹிஸ்டரிச் சீட்டு வைத்தால் எல்லாம் வீண்.

பாரஃபின்: மறுபடியும் சீட்டு! ரேடியேஷன் கொடுத்த செர்விக்ஸை (கருப்பை வாயை) ஹிஸ்டரி சொல்லாமல் வையுங்கள், பிறகு பேசுவோம்.

ஹெமடாக்சிலின்: தாராளமாக வைக்கிறேன். நியூக்ளியஸ் பெருத்திருக்கும், சைட்டோபிளாசமும் கூடவே பெருத்திருக்கும். ரத்தக்குழாய்ச் சுவர் ஹயலின் (கண்ணாடி போன்ற பொருள்) படிந்து தடித்திருக்கும். இதைப் பார்த்தவன் 'ரேடியேஷன் கொடுத்தார்களா' என்று கேட்பான். சீட்டைப் படித்தவனுக்கு ரத்தக்குழாய் கண்ணிலேயே படாது.

பாரஃபின்: கேட்கிறான் என்றால் ஹிஸ்டரி தேவை என்றுதானே அர்த்தம்? நான் முதலிலிருந்து சொல்வதும் அதுதான்.

ஹெமடாக்சிலின்: பின்னால் என்றேன், பின்னால். மேலே போய் ஒருமுறை படியுங்கள்.

கிராஸ்ரூம்: ஃப்ரோசனுக்கு இன்னும் பதில் இல்லை.