பழைய கண்ணாடிப் பூச்சாடி ஜோடி: பெல்ஜியமா, வேறு ஊரா?

மயிலாப்பூர்வாசி:
பாட்டி வீட்டுச் சாமான்களைப் பிரித்ததில் என் பங்குக்கு ஒரு ஜோடி பூச்சாடி வந்தது. ஓர் அடி உயரம், பால் வெள்ளைக் கண்ணாடி, விளிம்பு புடவைக் கொசுவம் மாதிரி மடிந்து மடிந்து இருக்கும், கையால் வரைந்த நீலப் பூ, தங்கக் கோடு. வீட்டில் எல்லோரும் பெல்ஜியம் என்கிறார்கள். பழம்பொருள் கடைக்காரரோ புதுசு, வட இந்தியாவில் கண்ணாடி செய்கிற பிரோசாபாத் ஊர்ச் சரக்கு என்கிறார், ஆனால் இரண்டையும் அவரே எடுத்துக்கொள்வாராம்! எந்த ஊர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பழசு பைத்தியம்:
முதலில் கவிழ்த்துப் பாருங்க அக்கா. அடியில் நடுவே வட்டமாக, வழவழவென்று தேய்த்த பள்ளம் இருக்கிறதா? ஊதிச் செய்த கண்ணாடியைக் கம்பியிலிருந்து உடைத்தெடுத்த வடுவை அப்படித்தான் தேய்த்துச் சரிசெய்வார்கள். பக்கவாட்டில் மேலிருந்து கீழே மெல்லிய கோடு ஓடினால் அச்சில் எடுத்தது. நாட்டின் பெயர் இருக்கிறதா?

மயிலாப்பூர்வாசி:
பள்ளம் இருக்கு, கட்டைவிரல் பதிகிற அளவு. கோடு இல்லை. பெயரும் இல்லை. சிவப்பு பெயிண்டில் ஓர் எண், கீழே சின்னக் கோடு, அதற்கும் கீழே இன்னோர் எண்.

பாரிமுனை:
அப்படியென்றால் என் ஓட்டு பொஹீமியாவுக்கு, அதாவது இன்றைய செக் நாடு. அங்கே பூ வரையும் பட்டறைகளில் டிசைன் எண்ணை அடியில் இப்படிக் கையால் எழுதுவது வழக்கம். நம் ஊரில் பழைய கண்ணாடி எதைப் பார்த்தாலும் பெல்ஜியம்தான், செட்டிநாட்டு நிலைக்கண்ணாடிக்குச் சரி, பூச்சாடிக்கும் அதையே சொன்னால் எப்படி? பெயர் இல்லாததால் போலி என்றும் ஆகாது. 1890இல் அமெரிக்கா போட்ட சுங்கச் சட்டத்துக்கு அப்புறம்தான் ஏற்றுமதிச் சரக்கில் நாட்டின் பெயர் போடுவது பரவியது. அதற்குப் பிறகும் வெறும் காகித லேபிள் ஒட்டி அனுப்பியது நிறைய, அது ஒரு கழுவலில் போய்விடும். 'செக்கோஸ்லோவாகியா' என்று இருந்திருந்தால் 1918க்குப் பிந்தையது என்று உறுதியாகச் சொல்லலாம்.

பழசு பைத்தியம்:
கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச் ரிச்சி தெருவில் கிடைக்கும், இருட்டில் அடித்துப் பாருங்க. பளிச்சென்று பச்சையாக ஒளிர்ந்தால் யுரேனியம் கலந்த கண்ணாடி. ஆனால் அதைப் பொஹீமியாவில் மட்டுமல்ல, இங்கிலாந்திலும் செய்தார்கள், ஆகவே அதை மட்டும் வைத்து ஊரை முடிவு செய்ய வேண்டாம்.

பாரிமுனை:
அதுவரை கடைக்காரருக்குக் கொடுக்காதீங்க. புளி, சாம்பல் எதுவும் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், தங்கக் கோடு போய்விடும். அடிப்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்துப் போடுங்க, எண்ணைப் பார்த்துச் சொல்கிறேன்.