புதுப்பிப்பு: ஆர்டி 350, இடது பிளக் வெள்ளை, வலது பிளக் கறுப்பு – சரியாகிவிட்டது

என் ஆர்டி 350 (இரட்டை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் பைக்) ஸ்பார்க் பிளக்குகளில் இடது வெள்ளையாகவும் வலது கறுப்பாகவும் வருவது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. "ஜெட்டைத் தொடாதீர்கள், முதலில் இன்டேக் ரப்பரைப் பாருங்கள்" என்ற யோசனைதான் வேலை செய்தது. (ஜெட் என்பது கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளையுள்ள திருகு; இன்டேக் ரப்பர் என்பது கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் ரப்பர் குழாய்.)

ஐட்லிங்கில் இடது ரப்பர் மேல் கார்புரேட்டர் கிளீனர் அடித்ததுமே இன்ஜின் சத்தம் மாறியது. கழற்றினால், கிளாம்புக்கு அடியில் மயிரிழை விரிசல். அந்த வழியாகக் காற்றை இழுத்து சிலிண்டர் லீனாக (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) ஓடியிருக்கிறது; அதனால்தான் வெள்ளை. புது ரப்பர் போட்டேன். வலது பக்கம் சோக் பிளஞ்சர் (குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடுதல் பெட்ரோல் விடும் அடைப்பான்) முழுதாக அமரவில்லை. சுத்தம் செய்ததும் கறுப்பு போயிற்று.

எதிர்பாராதது இதுதான்: அப்புறம் முழு திராட்டிலில் இடது பக்கம் ரிச்சாகிவிட்டது (பெட்ரோல் அதிகம்). திறந்தால், அதன் மெயின் ஜெட் (முழு திராட்டிலில் பெட்ரோல் அளவைத் தீர்மானிப்பது) வலதை விடப் பெரிசு! விரிசலைச் சமாளிக்க முன்பு யாரோ மாற்றியிருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே எண் போட்டேன்.

பிளக் பார்க்கும் முறை: புது பிளக் மாட்டி, மூன்றாம் கியரில் முழு திராட்டிலில் ஓட்டி, கிளட்சைப் பிடித்தபடியே இன்ஜினை அணைத்து, ஓரங்கட்டிக் கழற்றுங்கள். ஐட்லிங்கில் விட்டால் நிறம் ஏமாற்றும். பிளக்கின் உள்ளிருக்கும் பீங்கானின் நுனியை விட, ஆழத்தில் அடியில் தெரியும் மெல்லிய வளையம்தான் மெயின் ஜெட் அளவு சரியா என்று சொல்லும். இப்போது இரண்டிலும் இளம் பழுப்பு.

திராட்டில் கேபிளைத் தொட்டால் ஆயில் பம்ப் (திராட்டிலோடு சேர்ந்து இயங்கி இன்ஜினுக்கு ஆயில் விடுவது) கேபிளையும் கட்டாயம் சரிபாருங்கள்.