ஜெனரேட்டர், புல்வெட்டி, ஸ்பிரேயர் வைத்திருப்பவர்களே, பெட்ரோலில் கலக்கும் பாட்டில் மருந்து உங்களுக்கு வேலை செய்ததா?

பள்ளிக்கரணைவாசி:

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் ஜெனரேட்டர் வைத்திருந்தது நாங்கள் மட்டும்தான், அதை நம்பி ஆறு வீட்டுக்காரர்கள் செல்போன் சார்ஜரைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் மாடிப்படியில் வந்து நின்றார்கள். நான் கயிற்றை இழுக்கிறேன், இழுக்கிறேன், இழுத்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு இருமல்கூட இல்லை. அப்புறம் மூடியைத் திறந்து மோந்து பார்த்தால் பெட்ரோல் வாடையே வரவில்லை, பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்த மாதிரி இருந்தது. ஏப்ரலில் ஊற்றி வைத்த பெட்ரோல் அது. மூன்று நாள் மெழுகுவத்தி.

தண்ணீர் வடிந்த பிறகு மெக்கானிக் வந்து, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றிக் காட்டினார். உள்ளே பச்சையாகப் பாசி மாதிரி ஒரு படிவு, விரலால் தொட்டால் ஒட்டுகிறது. கழுவிப் பொருத்த 1,400 ரூபாய்.

அந்த வேகத்தில் ஆன்லைனில் பெட்ரோல் சீக்கிரம் கெடாமல் இருக்கக் கலக்கும் ஸ்டெபிலைசர் பாட்டில் ஒன்று வாங்கினேன். புது பெட்ரோலில் அளவு பார்த்துக் கலந்து, பத்து நிமிடம் ஓடவிட்டு, டேங்கிலிருந்து பெட்ரோல் வரும் டேப்பை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து அதுவாக நிற்கும் வரை விட்டேன். 2024 அக்டோபர் மழை அறிவிப்பு வந்து ஊரே காரை வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திய அன்று, இரண்டாவது இழுப்பில் எடுத்துவிட்டது. இதற்குக் காரணம் பாட்டிலா, டேப்பை மூடியதா என்பதுதான் என் சந்தேகம். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

தென்னந்தோப்பு:

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு. 2018 நவம்பர் 16, கஜா. காலையில் எழுந்து பார்த்தால் தோப்பு படுத்துக்கிடக்கிறது. விழுந்த மரத்தை அறுக்க ஆள் கிடைக்காமல், வாடகைக்கும் கிடைக்காமல், கடைசியில் கடன் வாங்கி மரம் அறுக்கும் மிஷின் ஒன்று எடுத்தேன், அப்புறம் புல்வெட்டியும் சேர்ந்துகொண்டது. இரண்டுமே டூ ஸ்ட்ரோக், இன்ஜின் தேயாமல் இருக்கப் பெட்ரோலிலேயே ஆயில் கலக்க வேண்டிய வகை. லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கலக்கச் சொன்னார்கள், அதில் ஒருநாளும் தப்பு செய்ததில்லை.

ஆனால் ஆயில் கலந்து மீந்த பெட்ரோலைக் கேனிலேயே விட்டுவிடுவேன், அங்கேதான் மாட்டினேன். போன வருஷம் மழைக்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடந்த கேனை எடுத்து ஊற்றி, முக்கால் மணி நேரம்கூட வெட்டியிருக்க மாட்டேன், கீச்சென்று ஒரு சத்தம், பிஸ்டன் பிடித்துக்கொண்டது. ஆயில் கலந்த பெட்ரோல்தானே, எப்படிப் பிடிக்கும் என்று எனக்குப் புரியவே இல்லை. பட்டறைக்காரர் கேனில் இருந்த மிச்சத்தைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வெயிலில் தூக்கிப் பிடித்தார். இரண்டு அடுக்காக நின்றது. மேலே ஆயில் நிறத்தோடு பெட்ரோல், அடியில் விரல் கனத்துக்குத் தண்ணீர் மாதிரி ஒன்று. பெட்ரோலில் கலந்து வரும் எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து, ஒரு அளவுக்கு மேல் தாங்க முடியாமல் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடுமாம். ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்கின் அடியிலிருந்து உறிஞ்சும் இன்ஜினுக்குப் போய்ச் சேர்ந்தது ஆயில் இல்லாத சாராயம்தான்!

இதற்குப் பிறகு நீரை எடுக்கும் மருந்து என்று ஒரு பாட்டில் வாங்கிவந்து, பின்பக்கம் எழுதியிருந்ததைப் பையனை விட்டு வாசிக்கச் சொன்னால், அதிலும் முக்கால்வாசி ஆல்கஹால்தானாம். ஏற்கெனவே குடித்திருப்பவனுக்கு இன்னொரு கட்டிங் ஊற்றிக் கொடுத்த கதை.

கம்பம் பட்டறை:

ஏலக்காய்த் தோட்டத்துக்கு மருந்து அடிக்கும் பவர் ஸ்பிரேயர்தான் எனக்கு அதிகம் வருவது. தென்னந்தோப்பு அண்ணன் சொன்னது அப்படியே சரி. 2022 ஜூன் வாக்கில் பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால், 2025-ல் 20 என்று ஆகிவிட்டது. நம்பாதவர்களுக்கு என் கடையில் ஒரு வித்தை காட்டுவேன். 100 மில்லி அளவு குழாயில் 90 மில்லி பெட்ரோல், 10 மில்லி தண்ணீர் ஊற்றிக் குலுக்கிப் பத்து நிமிடம் நிறுத்திவையுங்கள். தண்ணீர் 10-ல் நிற்காது, 28 பக்கம் ஏறி நிற்கும். ஏறிய அந்த 18 மில்லிதான் எத்தனால். இதைப் பார்த்துவிட்டு ஒருத்தர், பங்கில் தண்ணி கலந்துவிட்டான் என்று சண்டைக்கே கிளம்பினார், உட்கார வைத்து விளக்க அரை மணி நேரம் ஆனது.

பாட்டில் விஷயத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஸ்டெபிலைசர் பெட்ரோல் கெடுவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். பங்கில் பிடித்த அன்றே ஊற்ற வேண்டும். கெட்டுப்போன பெட்ரோலில் ஊற்றி எழுப்ப முடியாது, புளித்துப்போன மாவில் சோடா உப்பு போடுகிற வேலை அது. முக்கியமாக, ஊற்றியதும் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டி, மருந்து கலந்த பெட்ரோல் கார்புரேட்டர் வரை போய்ச் சேர விட வேண்டும். டேங்கில் மட்டும் கலந்துவிட்டு மூடி வைத்தால், கிண்ணத்தில் நிற்கிற பழையது பழையதாகவேதான் இருக்கும்.

கிளீனர் என்று விற்பது வேறு. பாலிஈதர்அமீன் என்ற ரசாயனம் இருக்கிற நல்ல கிளீனர் வால்வு, பிஸ்டன் தலை இங்கெல்லாம் கரியைக் குறைப்பதை நானே திறந்து பார்த்திருக்கிறேன். ஆனால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போகும் சின்னத் துளையுள்ள ஜெட் அடைத்துப்போனால் அதற்கும் இதை எடுத்துக்கொண்டு வருகிறார்களே, அங்கேதான் எனக்குச் சிரிப்பு வரும். ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. முழுக்க அடைத்துவிட்டால் பெட்ரோலே உள்ளே போகாது, பெட்ரோலில் கலந்த மருந்து மட்டும் எந்த வழியில் போகும்? கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றும்போது பிரேக் கேபிள் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், ஜெட் பித்தளை, துளை பெரிதாகிவிடும். மின் ஒயருக்குள் இருக்கும் செம்பு இழை ஒன்று போதும்.

எக்ஸ்எல் ஓட்டி:

அந்துருண்டையை யாரும் சொல்லவில்லையே! எங்கள் மாமா தன் பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்எல்லில் டேங்குக்கு இரண்டு உருண்டை போட்டுவிட்டு, மைலேஜ் ஐந்து கூடியது என்று பஜார் முழுக்கச் சொல்லிவந்தார். கூடியதோ இல்லையோ, துணி அலமாரி வண்டி ஓட்டிக்கொண்டு வருவது போல வாசனை வரும், மாமா தெருமுனையில் திரும்பும்போதே அத்தைக்குத் தெரிந்துவிடும். நாலு மாதத்தில் வடிகட்டியில் வெள்ளை வெள்ளையாகத் துகள்.

கம்பம் பட்டறை:

அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் பெட்ரோலில் கரையும், ஆனால் எரிந்தால் கரி கட்டும் தம்பி. போதாததற்கு இப்போது கடையில் கிடைக்கிற உருண்டையில் பாதி நாப்தலீனே இல்லை, குளோரின் சேர்ந்த வேறு சரக்கு. மாமாவுக்குச் சொல்லிவிடுங்கள்.

வலிகாமம்:

நீங்கள் எல்லாரும் பெற்றோல் கெட்டுப்போகிற கதை சொல்கிறீர்கள், எங்களுக்கு 90களில் கெட்டுப்போவதற்குப் பெற்றோலே இல்லை. பொருளாதாரத் தடை. யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளும் பழைய கார்களும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. எங்கட அப்பா ஒரு சின்னப் போத்தலில் பெற்றோலை மருந்து மாதிரிப் பூட்டி வைத்திருப்பார். காபரேட்டர் வாய்க்குள் இரண்டு பீச்சுப் பீச்சி உதைத்தால் பற்றும், பற்றிய கையோடு மண்ணெண்ணெய் போய் எடுத்துக்கொள்ளும். பின்னால் வெள்ளைப் புகை. பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டுவது விடியப் பல் விளக்குவது போல அன்றாட வேலை. அந்த மண்ணெண்ணெயும் விலை கூட, அதனால் இரவில் ஜாம் போத்தல் விளக்கில்தான் படிப்பு.

2022 இல் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றபோது எனக்குப் பழைய பயம் பிடித்துவிட்டது. வண்டியை ஓட்டாமல் மிச்சம் பிடித்து, பிளாஸ்டிக் கேனில் சேர்த்து, மாட்டுக் கொட்டிலில் ஒளித்து வைத்தேன். அடுத்த வருஷம் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மிசினுக்கு அதை ஊற்றினேன். இழுத்துக் களைத்துப் பிளக்கைக் கழற்றினால் நனைந்து கிடக்கிறது, மணம் மட்டும் புளிப்பு. இப்போது கொட்டிலில் ஒரு துளிகூடச் சேர்த்து வைப்பதில்லை, வேண்டியபோது ஓடிப்போய் இரண்டு லீற்றர். மருந்துப் போத்தல் ஒன்றும் நான் வாங்கியதே இல்லை, மிசின் ஓடுகிறது.

பள்ளிக்கரணைவாசி:

எல்லாருக்கும் நன்றி. அளவு குழாய் வித்தையைப் பையனின் சயின்ஸ் கிட்டை எடுத்துச் செய்து பார்த்தேன், 27-ல் நின்றது, மனைவி பால்கனியை விட்டு உள்ளே வரக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டார்.

இன்னொன்று. எதிர்வீட்டுக்காரர் மிக்ஜாமுக்கு அப்புறம் என்னுடையது போலவே ஒரு ஜெனரேட்டர் வாங்கியிருக்கிறார். அவர் பாட்டிலும் வாங்கவில்லை, ஒன்றும் வாங்கவில்லை. ஓட்டி முடித்ததும் டேங்கில் இருப்பதை ஸ்கூட்டருக்கு மாற்றிவிட்டு, கிண்ணத்தின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி மிச்சத்தையும் வடித்துவிடுகிறார். நேற்று இருவரும் ஒன்றாக இழுத்துப் பார்த்தோம். அவருடையது புது பெட்ரோல் ஊற்றி முதல் இழுப்பு. என்னுடையது எட்டு மாதமாகப் பாட்டில் மருந்தோடு நின்ற பெட்ரோல், நாலாவது இழுப்பு. அவர் ஒன்றும் சொல்லவில்லை, டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

பாட்டிலில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. என்ன செய்யலாம் அண்ணா?

கம்பம் பட்டறை:

திறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தால் அதை நம்பாதீர்கள், மருந்தும் பழசாகும். ஆகவில்லை என்றால் இந்த மழைக்கு மட்டும் ஊற்றிக்கொள்ளுங்கள். பாட்டில் தீர்ந்ததும் எதிர்வீட்டுக்காரரிடம் அந்தத் திருகு எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.