2 மணி நேரம் எஞ்சின் ஓட்டியும் பேட்டரி நிறையவில்லை, எந்தச் சார்ஜிங் முறைக்கு மாறலாம்?

கேள்வி:
32 அடி பாய்மரப் படகு. ஃபிரிட்ஜ், விளக்கு, ஆட்டோபைலட்டுக்கு 100 ஆம்பியர்-அவர் ஏஜிஎம் பேட்டரி (மூடிய வகை ஈய பேட்டரி) இரண்டு. எஞ்சின் ஸ்டார்ட்டுக்குத் தனியாக ஒன்று. சார்ஜ் செய்ய எஞ்சினோடு சுற்றும் 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர், நடுவில் டயோடு ஐசோலேட்டர் (ஒரு பக்கப் பேட்டரி மறுபக்கத்தை வடித்துவிடாமல் பிரிப்பது). தினமும் 2 மணி நேரம் எஞ்சின் ஓட்டியும் காலையில் 12.2 வோல்ட்தான் காட்டுகிறது. பெரிய ஆல்டர்னேட்டர் போடலாமா, இல்லை லித்தியத்துக்கே மாறிவிடலாமா?

பதில் 1:
எதையும் வாங்காதீர்கள். முதலில் எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் முனையிலும் பேட்டரி முனையிலும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்.

கேட்டவர்:
ஆல்டர்னேட்டரில் 14.2, பேட்டரியில் 13.5.

பதில் 1:
நினைத்தேன். அந்த 0.7 வோல்ட்டை டயோடு தின்றுவிடுகிறது. ஏஜிஎம்முக்கு 14.4க்குப் பக்கத்திலாவது வேண்டும், 13.5 என்பது நிறைந்த பேட்டரியைப் பராமரிக்கத்தான் போதும். டயோடைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டரை நேராக அந்த இரண்டு ஏஜிஎம் பேட்டரிகளோடு இணையுங்கள். அங்கிருந்து ஸ்டார்ட் பேட்டரிக்குச் சின்ன டிசி-டிசி சார்ஜர் (ஒரு பேட்டரியிலிருந்து இன்னொன்றை மட்டாகச் சார்ஜ் செய்யும் கருவி) ஒன்று.

இன்னொன்று, ஈய பேட்டரியின் கடைசி 20 சதவீதம் ஆமை வேகத்தில்தான் ஏறும், பல மணி நேரம் பிடிக்கும். பெரிய ஆல்டர்னேட்டர் போட்டாலும் அது மாறாது. அந்த வேலை சோலாருக்கு. 200 வாட் பேனலும், அதிலிருந்து அதிகபட்ச மின்சாரத்தை எடுத்துத் தரும் எம்பிபிடி கன்ட்ரோலரும் இருந்தால் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 50, 60 ஆம்பியர்-அவர் வரும். பூம் (பாயின் அடிக்கட்டை) நிழல் விழாத இடமாகப் பாருங்கள். ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே உற்பத்தி பாதாளத்துக்குப் போய்விடும்.

பதில் 2:
லித்தியம் ஆசை இருந்தால் ஒரு எச்சரிக்கை. கொடுக்கிற கரண்டையெல்லாம் கடைசிவரை இழுத்துக்கொண்டே இருக்கும். எஞ்சின் ஐடிலில் ஓடினால் ஆல்டர்னேட்டரின் விசிறியும் மெதுவாகத்தானே சுற்றும், சூடு எப்படித் தணியும்? என்னுடையது அப்படித்தான் கருகியது. தவிர, பிஎம்எஸ் (லித்தியம் பேட்டரியின் பாதுகாப்புச் சர்க்கியூட்) திடீரென்று தொடர்பைத் துண்டித்தால் வோல்ட் எகிறி ஆல்டர்னேட்டரின் உள் டயோடுகள் போய்விடும். டிசி-டிசி சார்ஜர் வழியாகக் கரண்டை மட்டுப்படுத்தாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கேட்டவர்:
ஐசோலேட்டரைக் கழற்றியாயிற்று. இப்போது பேட்டரியில் 14.1. ஆனால் மறுநாள் காலையிலும் 12.3தான் இருந்தது.

பதில் 1:
பல மாதம் அரைகுறையாகவே கிடந்ததால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கொள்ளளவு குறைந்திருக்கும். கரைக்கு வந்ததும் கரை மின்சாரத்தில் ஏஜிஎம் அமைப்புள்ள சார்ஜரைப் போட்டு முழுதாக நிரப்புங்கள். அப்புறம் இரண்டையும் பிரித்துத் தனித்தனியாக லோடு டெஸ்ட் (லோடு கொடுத்து வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது) செய்யுங்கள். ஒன்று கெட்டிருந்தாலும் அது மற்றதையும் சேர்த்து இழுத்துவிடும். பேனல் வாங்குவதை அதுவரை தள்ளிப்போடுங்கள்.